எந்தத் தேர்வை எழுதுவது?



பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றால் கல்லூரி வாசல் திறக்கும் என்பது ஒன்றே என் தந்தையார் காலத்தவர் அறிந்த விதி. இன்று பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் மாணவன் முன்னே பத்துக்கு மேற்பட்ட நுழைவுத் தேர்வுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. மருத்துவத்துக்கு ஒன்று, மத்திய அரசின் பொறியியல் நிறுவனங்களுக்கு ஒன்று, அதைத் தாண்டியவர்க்கு மேற்படியாக மற்றொன்று, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு ஒன்று, சட்டம், கட்டடக்கலை, ஆடை வடிவமைப்பு, அறிவியல் ஆராய்ச்சி ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஒவ்வொன்று, தனியார் பல்கலைக்கழகங்களோ ஆளுக்கொரு தேர்வு வைத்திருக்கின்றன. இவற்றுள் எதை எழுதுவது, எதை விடுவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டால் என்ன என்று கேட்பவர் உண்டு. நான் வாழ்வது திருப்பூர் மாநகராட்சியில் அடங்கிய வீரபாண்டி. பல்லடம் சாலையில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். சாப்பாட்டுத் தூக்குடன் பனியன் கம்பெனிகளுக்கு விரையும் ஆடவரும் பெண்டிருமே என் மாணவர்களின் பெற்றோர். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கடன் அடைத்து, திங்கட்கிழமை மீண்டும் மிஷினில் அமர்பவர்கள். 2025-ஆம் ஆண்டில் நீட் தேர்வின் விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவினர்க்கு 1,700 ரூபாய், ஜே.இ.இ. மெயின் தேர்வுக்குப் பொதுப் பிரிவு மாணவர் செலுத்தியது 1,000 ரூபாய். ஐந்தாறு தேர்வு என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பணத்தினும் அரியது ஒன்றுண்டு. அது பன்னிரண்டாம் வகுப்பு மாணவனின் நேரம். தை மாதம் முதல் ஆனி மாதம் வரை வாரம் ஒரு தேர்வுக்குப் படிப்பவன் ஒன்றையும் உருப்படியாகப் படிக்க மாட்டான். ஆகவே தேர்ந்தெடுத்தல் இன்றியமையாததாகிறது.

நுழைவுத் தேர்வு என்பது நமக்குப் புதியதன்று. 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வே ஒரு நுழைவுத் தேர்வுதான். அத்தேர்வு மறைந்து நெடுங்காலமாயிற்று. பெயர் மட்டும் இன்றளவும் நம் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பின்னர், 1984-இல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கென நுழைவுத் தேர்வு தொடங்கிற்று. நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. பள்ளித் தேர்வின் மதிப்பெண்களை 200-க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வின் 100-ஐ அதனுடன் சேர்த்து, 300-க்குத் தரவரிசை அமைத்தார்கள். அந்தக் கடைசி 100-க்காக ஊர் தோறும் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. கிராமத்துப் பிள்ளைகளும் முதல் தலைமுறையாகப் படிப்பவர்களும் அந்த நூற்றில் பின்தங்கினர். 2006-இல் டாக்டர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் அமைந்த குழு அத்தேர்வை நீக்கலாம் எனப் பரிந்துரைத்தது. அவ்வாண்டின் சட்டத்தால் அது நீங்கிற்று. மருத்துவக் கல்விக்கு மட்டும் 2017 முதல் நீட் என்னும் பெயரில் அகில இந்தியத் தேர்வு வந்தமைந்தது. அது தகுமா தகாதா என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. அவ்வழக்கில் எனக்கும் கருத்து உண்டு. அதை இங்கே சொல்லப் போவதில்லை. இவ்வாண்டு விண்ணப்பிக்கும் மாணவனுக்கு இவ்வாண்டு எது நடைமுறையோ அதுவே வேண்டியது.

இந்த வரலாற்றைச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. நம் மாநிலத்து மாணவர்க்கு மிக அகலமான வாசலில் இன்று நுழைவுத் தேர்வே இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி, 1944-இல் தோன்றிய அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி, 1949-இல் தோன்றிய குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகிய இம்மூன்றும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புகள். நாடறிந்த இக்கல்லூரிகளில் பொறியியல் பயிலப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அவ்வாறே. கணக்கும் எளிது. கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50-க்கு, ஆகக் கூடுதல் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 86, வேதியியலில் 90 பெற்றவனுக்கு 92-உடன் 43-உம் 45-உம் சேர்ந்து 180. இதையே ‘கட் ஆஃப்’ என்கிறோம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பட்டப் படிப்பும், தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவப் படிப்பின் மாநில இடங்களும், செவிலியர் பட்டப் படிப்பும், மருந்தாளுநர் பட்டப் படிப்பும் பள்ளி மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. நீட் எழுதாவிட்டால் கால்நடை மருத்துவமும் கிடைக்காது என்று எண்ணி அழுத ஒரு மாணவியை நான் அறிவேன். சித்த மருத்துவத்துக்கு நீட் வேண்டும். கால்நடை மருத்துவத்தின் மாநில இடத்துக்கு வேண்டா. இத்தகைய நுட்பங்களை அறியாமல் விண்ணப்பம் நிரப்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவது போன்றது.

அமெரிக்காவிலும் கல்லூரிச் சேர்க்கைக்கு இரு தேர்வுகள் உண்டு. 1926-இல் தொடங்கிய எஸ்.ஏ.டி. ஒன்று, 1959-இல் தொடங்கிய ஏ.சி.டி. மற்றொன்று. அங்குள்ள கல்லூரிகள் இவ்விரண்டில் எதைக் காட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். ஆதலால் அந்நாட்டு மாணவன் இரண்டிலும் மாதிரி வினாத்தாள் ஒன்றை எழுதிப் பார்த்து, தனக்கு எது கைவருகிறதோ அதைத் தேர்ந்துகொள்கிறான். இரண்டுமே வேண்டா என்று சொல்லும் கல்லூரிகளும் அங்கே உண்டு. 2020-இல் நோய்ப் பரவலின்போது தேர்வைக் கைவிட்ட மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2022-இல் மீண்டும் அதைக் கட்டாயமாக்கிற்று.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. ஒன்றன் சாவி மற்றொன்றைத் திறவாது. நீட் தேர்வில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றாலும் திருச்சி என்.ஐ.டி.யில் பொறியியல் கிடைக்காது. ஏறக்குறைய அமெரிக்க மாணவனைப் போல் ஒப்பிட்டுத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு கட்டடக்கலைக்கு விண்ணப்பிப்போர்க்கு மட்டும் ஓரளவு உண்டு. தமிழ்நாட்டு மாநிலச் சேர்க்கையில் ‘நாட்டா’ மதிப்பெண்ணும் ஏற்கப்படும், ஜே.இ.இ.யின் இரண்டாம் தாள் மதிப்பெண்ணும் ஏற்கப்படும். அங்கும் திருச்சி என்.ஐ.டி.யை நாடுவோர் ஜே.இ.இ. தாளையே எழுத வேண்டும். ஆகவே, ‘எந்தத் தேர்வு எளிது?’ என்று என்னிடம் வருவோரை நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ‘எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி?’ அதற்கு விடை வந்தால் தேர்வின் பெயர் தானே வந்துவிடும்.

உண்மையைச் சொன்னால் இந்தத் தேர்வு பதினோராம் வகுப்பில் சேரும் நாளிலேயே பாதி முடிந்துவிடுகிறது. கணிதமும் கணினி அறிவியலும் எடுத்தவன் நீட் எழுத இயலாது. உயிரியல் எடுத்துக் கணிதத்தை விட்டவன் ஜே.இ.இ. மெயின் எழுதிப் பொறியியல் சேர இயலாது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுப்பவனுக்குப் படிப்பு அதிகம், வாசலும் அதிகம். இப்பிரிவினர்க்கென்றே அமைந்தது போன்ற தேர்வு ஒன்றுண்டு. புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் ஆகிய ஏழு ஊர்களில் உள்ள ஐசர் என்னும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் நடத்தும் ஐ.ஏ.டி. தேர்வு அது. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் பதினைந்து பதினைந்தாக 60 வினாக்கள். அறிவியலையே வாழ்க்கையாகக் கொள்ள விரும்புவோர் இதை அறியாமலே பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறார்கள்.

நான் கணித ஆசிரியன். ஆதலால் ஜே.இ.இ. மெயின் முடிவுகளில் வரும் ‘பெர்சன்டைல்’ என்னும் சொல்லைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இத்தேர்வுக்கு 75 வினாக்கள், 300 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கூடும். தவறான விடைக்கு 1 குறையும். தை மாதத்தில் ஒரு முறையும் பங்குனி, சித்திரை அளவில் மற்றொரு முறையும் நடைபெறுகிறது. இரண்டும் எழுதினால் மேலானது கணக்கில் வரும். முடிவு வந்ததும் ஒரு தந்தையார், ‘என் மகன் 90 வாங்கிவிட்டான், ஐ.ஐ.டி. உறுதிதானே?’ என்று கேட்டார். அவர் மகன் பெற்றது 90 விழுக்காட்டு மதிப்பெண் அன்று. எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவன் அளவிலோ அவனுக்குக் கீழோ இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். பத்து லட்சம் பேர் எழுதியிருப்பார்களாயின் ஒரு லட்சம் பேர் அவனுக்கு முன்னே நிற்கிறார்கள். 99 பெற்றவனுக்கு முன்னேயும் பத்தாயிரம் பேர் உண்டு. 90-க்கும் 99-க்கும் உள்ள இடைவெளி ஒன்பது அன்று; தொண்ணூறாயிரம் பேர். பள்ளி மதிப்பெண்ணை அளக்கும் கோல் வேறு, இக்கோல் வேறு. இவ்வேறுபாடு அறியாதவர் மகிழவேண்டிய இடத்தில் வருந்தி, எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடத்தில் மகிழ்ந்து போகிறார்கள்.

அத்தேர்வில் முன்னிற்கும் இரண்டரை லட்சம் பேரே ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதலாம். 1959-இல் நிறுவப்பட்ட சென்னை ஐ.ஐ.டி. உட்பட எல்லா ஐ.ஐ.டி.களிலும் பி.டெக். படிப்புக்கு அதுவே வழி. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். நீட், க்யூட் தேர்வுகளையும் அவ்வாறே எழுதலாம். அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. தமிழ் வழியில் பயில்வோர் ஈராண்டுக்கு முன்பே இதற்கு ஆயத்தமாக வேண்டும். நான் தமிழ் வழியில் கற்பித்தவன். அதனால் அம்மாணவரை அஞ்சவைக்க இதைச் சொல்லவில்லை. ‘முடுக்கம்’ என்றால் என்ன என்று தெளிவாக அறிந்தவனுக்கு அதன் ஆங்கிலப் பெயரைக் கற்க அரை நாழிகை போதும். பெயரை மட்டும் அறிந்து பொருளை அறியாதவனுக்கே இடர் மிகுதி.

ஐ.ஐ.டி. கிட்டாதவர்க்கு மெயின் தேர்வே பயன்படும் இடமும் உண்டு. 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டவர்க்கு உரியவை. அவ்விடங்களுக்குத் தமிழ்நாட்டு மாணவரிடையே மட்டுமே போட்டி. இதில் இன்னொரு செய்தி. அங்கே ‘சொந்த மாநிலம்’ என்பது பிறந்த மாநிலம் அன்று. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மாநிலம். எங்கள் பகுதியில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தையல் மிஷினில் அமர்ந்திருப்போர் பலர். அவர்கள் பிள்ளைகள் இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் திருச்சி என்.ஐ.டி.யின் கணக்கில் அவர்கள் தமிழ்நாட்டு மாணவர்களே. இச்செய்தியை அப்பெற்றோர்க்குச் சொல்ல ஆள் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களே, உங்கள் வகுப்பில் அத்தகைய நண்பர் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். என்.ஐ.டி. சேர்க்கைக்குப் பள்ளித் தேர்வில் 75 விழுக்காடு, அல்லது தம் வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டினருள் ஓர் இடம் வேண்டும் என்னும் விதியும் உண்டு. பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் அந்த 75 என்பது 65. நுழைவுத் தேர்வுக்காகப் பள்ளித் தேர்வைக் கைவிடுவோர் இதை மறக்கலாகாது.

மறுதலையாகவும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகக் கணக்கில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே சேரும், நீட், ஜே.இ.இ. வினாக்களோ பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்தும் ஏறத்தாழச் சரிபாதி வருகின்றன. சில பள்ளிகளில் பதினோராம் வகுப்பின் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, அவ்வாண்டிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். அப்பள்ளியில் பயின்று பொறியியல் சேரலாம். நீட் தேர்வில் தேறுவது கடினம். உங்கள் பள்ளி எவ்வகையினது என்பது உங்களுக்குத் தெரியும். தேர்வைத் தெரிந்துகொள்ளும்போது அதையும் கருதுக.

நிற்க. ஈராண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் நடந்த ஒரு செய்தி. அரசு பெண்கள் பள்ளியில் கணிதமும் உயிரியலும் பயின்ற மாணவி ஒருத்தி தன் தந்தையாருடன் என் இல்லத்துக்கு வந்தாள். தந்தை ஓவர்லாக் டெய்லர். தாய் அதே கம்பெனியில் செக்கிங் வேலை. மகள் கையில் ஆறு தேர்வுகளின் பெயர்ப் பட்டியல். தந்தை கையில் ஒரு பயிற்சி நிலையத்தின் விளம்பரத் தாள். அந்நிலையம் கேட்ட கட்டணம் அவருடைய அரை ஆண்டு வருமானம். ஆயினும் அவர் நீட் தேர்வையே வலியுறுத்தினார். அதற்கு அவரிடம் வலுவான காரணம் இருந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு இடங்களை 2020-ஆம் ஆண்டின் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. பொதுப் போட்டியில் வேண்டியதைவிடக் குறைந்த நீட் மதிப்பெண்ணிலும் அவ்விடங்கள் கிடைக்கின்றன. ‘எங்க பரம்பரையில ஒரு டாக்டர் வரட்டுமேங்க சார்’ என்றார். அதில் பேராசை ஏதும் இல்லை.

‘நீ என்ன படிக்க வேண்டும் என்று நினைக்கிறாய் அம்மணி?’ என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, ‘நொய்யல்ல தண்ணி ஏன் உப்பாச்சுன்னு படிக்கணுங்க ஐயா’ என்றாள்.

நேயர்களில் வெளியூரார்க்கு இதை விளக்க வேண்டும். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு ஏராளமாக உப்புச் சேர்ப்பார்கள். அவ்வுப்புத் துணியில் தங்காது. கழிவு நீருடன் வெளியேறும். பல்லாண்டுகள் அந்நீர் நொய்யலில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பயிருக்கு உதவாததாயிற்று. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவு நீரை ஒரு துளியும் வெளியே விடாமல் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டுடனேயே பட்டறைகள் பின்னர் இயங்கத் தொடங்கின. அவள் வீட்டாரும் அக்காலத்தில் வேலையின்றி இருந்தவர்கள். ஆகவே அவள் கேட்ட கேள்வி பாடப் புத்தகத்திலிருந்து வந்ததன்று.

பட்டியலை வாங்கி மேசைமேல் வைத்து மூவரும் பார்த்தோம். அவள் கேள்விக்கு விடை வேதியியலில் இருக்கிறது. வேதியியலுக்கு வழிகள் எவை? அருகிலேயே திருப்பூர் அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி.; அதற்குத் தேர்வு இல்லை. ஐசர் நிறுவனங்கள், அதற்கு ஐ.ஏ.டி. 2009-இல் திருவாரூரில் நிறுவப்பட்ட தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம். அதற்கு 2022 முதல் நடைபெறும் க்யூட் தேர்வு. பொறியியல் வழியில் இரசாயனப் பொறியியல். அதற்குப் பள்ளி மதிப்பெண். 2021-ஆம் ஆண்டின் சட்டத்தால் பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உண்டு என்பதையும், அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது என்பதையும் தந்தை அறிந்திருக்கவில்லை. கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இனி நீட் தேர்வின் செய்தி. ஐ.ஏ.டி.க்குப் படிக்கும் நான்கு பாடங்களில் மூன்று நீட் தேர்வுக்கும் உரியவை; கூடுதல் உழைப்பு சிறிதே. ‘எழுதித்தான் பார்க்கட்டுமே, சேர்வதும் சேராததும் அவள் விருப்பம்’ என்று தந்தை சொன்னார். வாதம் சரியானதே. ஆனால் நாற்பதாண்டு காலம் வீடுகளைப் பார்த்தவன் நான். எழுதுவது வேறு, சேர்வது வேறு என்பது விண்ணப்பம் போடும் நாளில் மட்டும் உண்மை. மதிப்பெண் வந்து, மருத்துவ இடம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது, வேண்டா என்று சொல்ல ஒரு பதினேழு வயதுப் பெண்ணை எந்த வீடும் விடாது. உற்றாரும் அண்டை வீட்டாரும் முதலாளியும் கூடி அவளை வண்டியில் ஏற்றிவிடுவர். ஆகவே, சேர விரும்பாத படிப்பின் தேர்வை எழுதுமுன் இருமுறை சிந்திக்க வேண்டும் என்றேன். மருத்துவம் தாழ்ந்ததென்று நான் கூறவில்லை. அவளைப் போன்ற அரசுப் பள்ளி மாணவி மருத்துவராக விரும்பினால், அந்த 7.5 விழுக்காட்டைப் போன்ற வழி வேறில்லை. நீட் தவிர வேறொன்றையும் எழுத வேண்டுவதில்லை என்றே அவளிடம் சொல்லியிருப்பேன்.

தந்தை நெடுநேரம் விளம்பரத் தாளை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். பிறகு, ‘அவ இஷ்டமுங்க சார்’ என்றார். அச்சொல்லைச் சொல்ல அவர் எவ்வளவு விலை கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும்.

அவள் எழுதியது ஒரே நுழைவுத் தேர்வு, ஐ.ஏ.டி. அதில் இடம் கிடைக்கவில்லை. பள்ளி மதிப்பெண் நன்றாக இருந்தது, 7.5 விழுக்காட்டில் கொங்கு நாட்டுக் கல்லூரி ஒன்றில் இரசாயனப் பொறியியல் கிடைத்தது. இப்பொழுது படித்துக்கொண்டிருக்கிறாள். பயிற்சி நிலையத்துக்குப் போகாத பணத்தில் தம்பியின் பள்ளிக் கட்டணம் போக, ஒரு பழைய மடிக்கணினியும் வாங்கினார்கள்.

துணி நெய்யும் ஊரிலிருந்து பேசுகிறவன் துணிப் படிப்பைச் சொல்லாமல் விட்டால் குறையாகும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கம்பெனி வேலையைப் பெற்றோரின் களைப்பாகவே பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் ஜவுளித் தொழில்நுட்பம் என்னும் பட்டப் படிப்பை ஏறெடுத்தும் பாரார். சென்னை அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கோவைக் கல்லூரிகளிலும் அப்படிப்பு உண்டு. நுழைவுத் தேர்வு இல்லை. வடிவமைப்பில் ஆர்வமுடையோர்க்கு நிஃப்ட் என்னும் தேசிய நிறுவனம் 1995 முதல் சென்னையில் இயங்குகிறது. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. பொது அறிவோடு, படைப்புத் திறனையும் கைத்திறனையும் சோதிக்கும் தேர்வு அது. திருப்பூர் முதலிபாளையத்தில் உள்ள நிஃப்ட்-டீ கல்லூரி வேறு நிறுவனம். பெயர் ஒத்திருப்பதால் ஒன்றென்று மயங்கலாகாது.

சட்டம் பயில விரும்புவோர்க்கும் இதே கதைதான். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குக் கிளாட் தேர்வு. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பள்ளி மதிப்பெண். தில்லிப் பல்கலைக்கழகத்தை நாடுவோர் க்யூட் தேர்வில் பன்னிரண்டாம் வகுப்பில் தாம் படித்த பாடங்களையே தெரிவு செய்ய வேண்டும். எளிதென்று எண்ணி வேறு பாடத்தை எழுதினால் அந்த உழைப்பு அங்கே கணக்கில் வாராது.

‘ஓராண்டு வீட்டிலிருந்து மறுபடி எழுதட்டுமா?’ என்னும் கேள்விக்கு வருவோம். ஜே.இ.இ. மெயின் தொடர்ந்து மூன்றாண்டு எழுதலாம். அட்வான்ஸ்டு அடுத்தடுத்த ஈராண்டுகளில் இரண்டு முறை. நீட் தேர்வுக்கு இத்தனை முறை என்னும் எல்லை இல்லை. எல்லை இல்லாததே அதன் ஆபத்து. மூன்றாம் முறையும் எழுதி, இருபது வயதில் தம்பியின் வகுப்பினரோடு முதலாண்டில் சேர்ந்த ஓர் இளைஞனை நான் அறிவேன். அவன் முகத்தில் இருந்தது தோல்வி அன்று, சலிப்பு. என் கருத்து இது. முதல் முறை பெற்ற மதிப்பெண்ணையும், உங்கள் பிரிவில் அவ்வாண்டு கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணையும் அருகருகே எழுதுங்கள். 720-இல் ஐம்பது, அறுபது வேறுபட்டால் ஓராண்டு முயலலாம். இருநூறு வேறுபட்டால் அந்த ஓராண்டை வேறு படிப்புக்குக் கொடுங்கள். எவ்வாறாயினும் இரண்டாவது ஆண்டு வேண்டா. பயிற்சி நிலையத்தார் இதற்கு உடன்பட மாட்டார்கள், அது இயல்பே.

இனிச் சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வில் வென்று சான்றிதழில் தோற்றவர்களை நான் கண்டிருக்கிறேன். நம் மாநிலத்துச் சாதிச் சான்றிதழ் ஒருமுறை பெற்றால் போதும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்னும் அப்பிரிவுகள் மாநிலச் சேர்க்கைக்கு உரியவை. மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் என்று வேறொன்று வேண்டும். வருமானத்தையும் பார்த்து வழங்கப்படுவது அது. சேர்க்கை நடக்கும் நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் பெற்றதாக இருக்க வேண்டும். சித்திரை பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஆனி மாதத்தில் இடம் கிடைத்த பின் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவோரின் கூட்டத்தில் நீங்கள் நிற்க வேண்டா.

விண்ணப்பத்தை நிரப்ப பிரவுசிங் சென்டருக்குச் செல்வோர் உங்கள் சொந்த மின்னஞ்சலையும், வீட்டில் எப்போதும் இருக்கும் ஒருவரின் கைப்பேசி எண்ணையுமே கொடுங்கள். கடைக்காரர் அவசரத்தில் தம்முடைய எண்ணை இட்டுவிடுவதுண்டு. பிறகு அனுமதிச் சீட்டு, முடிவு, கலந்தாய்வு அழைப்பு யாவும் அவர் கைப்பேசிக்கே போகும். கடவுச்சொல்லை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அந்நோட்டை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.